மலையில் விரித்த புதினம்

நுழையும்முன்

கையில் ஒரு நூல்; கண்ணெதிரே ஒரு மலை. இரண்டும் மனிதரை அன்றாடத்தின் இரைச்சலிலிருந்து விடுவிப்பவை. ஆயினும், விடுபடுதல் என்பது தப்பி ஓடுதல் ஆகாது. நல்ல புதினம் வாசகரை அவர் அமர்ந்திருக்கும் நிலத்தின் பக்கமே மீண்டும் திருப்புகிறது. நிலமோ நூலின் பக்கங்களுக்கு உயிர் கொடுக்கிறது. இயற்கையின் மடியில் புதினம் வாசிப்பதன் இன்பத்தையும், அவ்வின்பத்தோடு சேர்ந்து வரும் பொறுப்பையும் எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

புதினம் கேட்கும் பொழுது

கவிதையை நின்றுகொண்டே வாசித்துவிடலாம். சிறுகதையைப் பேருந்துப் பயணத்தில் முடித்துவிடலாம். புதினம் அப்படிப்பட்டதன்று. அது வாசகரிடம் முதலில் கேட்பது பொழுதை. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளையோ, ஓர் ஊரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும்யோ சொல்லப் புகும் எழுத்து, அரைமணி நேரத்தில் தன்னை முழுமையாக ஒப்படைத்துவிடாது. நூறு பக்கங்கள் கடந்த பின்னரே அதன் மாந்தர் நமக்கு உறவினராகத் தொடங்குகின்றனர்.

தமிழில் புதினம் என்னும் வடிவம் தோன்றி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வெளிவந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடர்ந்தது. ஒரு கதையின் முடிவை அறிய நான்கு ஆண்டுகள் காத்திருந்த வாசகர் கூட்டம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. இதழ் வந்ததும் ஒருவர் வாசிக்க, வீட்டார் சுற்றியமர்ந்து கேட்ட காலம் அது. அக்காலத்தில் வாசிப்புக்கென ஒரு பொழுது இயல்பாகவே ஒதுக்கப்பட்டிருந்தது.

இன்று பொழுது குறைந்துவிடவில்லை. அது துண்டு துண்டாக உடைந்துவிட்டது. கைப்பேசி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் கவனம் அறுபடுகிறது. பத்துப் பக்கம் வாசிப்பதற்குள் நான்கு முறை எழ நேர்கிறது. மறுநாள் நூலைத் திறக்கையில், கதைமாந்தரின் பெயரே மறந்துபோயிருக்கிறது. ஆகவேதான், நூலை நேசிப்போர் பலர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரவாரமற்ற ஓரிடத்தை நாடுகின்றனர். அவர்கள் தேடிச் செல்வது இடத்தை மட்டுமன்று, அறுபடாத பொழுதையும்தான்.

நிலமும் கதையும்

இயற்கையையும் இலக்கியத்தையும் பிரித்துப் பார்க்காத மரபு தமிழ் மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். மாந்தரின் உணர்வைச் சொல்வதற்கு முன்பே, அவர்கள் நிற்கும் மண்ணையும் அங்குப் பூக்கும் பூவையும் பாடும் பறவையையும் புலவர்கள் குறித்தனர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. அம்மலர்களை வெறும் பட்டியலாக நினைப்போருக்கு அப்பகுதி மனப்பாடச் சுமை. ஒரு மலைச்சரிவில் நின்று, கண்ணில் படும் பூக்களில் பத்தின் பெயரையேனும் சொல்ல முயன்று தோற்றவருக்கு அது பெருவியப்பு.

பிற்காலப் புதினங்களும் இம்மரபைக் கைவிடவில்லை. 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' உப்புக்காற்று இல்லாமல் இயங்காது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கரிசல் மண்ணிலிருந்து பிரிக்க முடியாதது. சா. கந்தசாமியின் 'சாயாவனம்' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. கரும்பாலை அமைப்பதற்காக ஒரு காட்டை அழிக்கும் வேலையே அப்புதினத்தின் பெரும்பகுதி. அங்கே காடு பின்னணி அன்று. அதுவே தலைமை மாந்தர்.

இத்தகைய நூல்களை அவை பிறந்த நிலத்திலேயே அமர்ந்து வாசிப்பது தனித்த பட்டறிவு. எழுத்தாளர் ஒரு சொல்லால் சுட்டிச் செல்லும் மணத்தை, வாசகரின் மூக்கே நிறைவு செய்கிறது. பக்கத்தில் வீசும் காற்றும் சன்னலில் வீசும் காற்றும் ஒன்றாகின்றன.

மூன்று நாள் விடுப்பு

கோயம்புத்தூரில் பணிபுரியும் செவிலியர் ஒருவர். இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வர, உறக்கமே முறைதவறிப் போனவர். மூன்று நாள் விடுப்புக் கிடைத்தபோது, கோத்தகிரிக்கு அருகே வசிக்கும் தம் தமக்கையின் வீட்டிற்குப் புறப்பட்டார். பையில் இரண்டு மாற்றுடைகள், ஒரு கம்பளிச் சட்டை, நூலகத்தில் இரவல் பெற்ற ஒரு நூல். அந்நூல் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'.

மேட்டுப்பாளையத்தைக் கடந்து பேருந்து மலையேறத் தொடங்கியது. பாக்குத் தோப்புகள் கீழே நழுவின. கொண்டையூசி வளைவுகளில் காற்று குளிர்ந்தது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியை அடைந்தபோது, வெயில் இருந்தும் வெப்பம் இல்லை. வீட்டின் பின்புறத்தில் ஒரு பேரிக்காய் மரம். அதன் கீழே ஒரு பலகை. அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் தேயிலை. இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். தொலைவில் ஒரு பள்ளத்தில் கரும்பச்சையாய் ஒடுங்கிக் கிடந்த சோலைக்காடு.

முதல்நாள் அவரால் இருபது பக்கங்களுக்கு மேல் வாசிக்க இயலவில்லை. கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தும், கை அதைத் தேடிக்கொண்டே இருந்தது. அமைதி அவருக்கு முதலில் இளைப்பாறுதலாகத் தோன்றவில்லை. ஏதோ ஒன்று குறைவதுபோலவே தோன்றியது. மருத்துவமனையின் மணியோசைக்குப் பழகிய செவி, ஓசையற்ற இடத்திலும் ஓசையை எதிர்பார்த்தது. இரண்டாம் நாள் காலையில் செம்மீசைச் சின்னான் ஒன்று பேரிக்காய் மரத்தில் அமர்ந்து குரல் கொடுத்தது. அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். மீண்டும் நூலுக்குத் திரும்பினார். விட்ட வரி அங்கேயே காத்திருந்தது. கைப்பேசி பறித்துக்கொண்ட கவனம் எளிதில் மீள்வதில்லை. பறவை அழைத்த கவனமோ தானே திரும்பி வந்தது. இவ்வேறுபாட்டை அவர் அன்றுதான் உணர்ந்தார். அன்று மாலைக்குள் புதினத்தின் பாதியைக் கடந்திருந்தார்.

மலையின் மாற்றம் சொன்ன நூல்

'குறிஞ்சித்தேன்' 1963இல் வெளிவந்த புதினம். நீலகிரியில் வாழும் படுகர் மக்களின் வாழ்வை அகத்தே நின்று சொல்வது. கணவரின் மின்துறைப் பணி காரணமாக நீலகிரியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், அம்மக்களோடு பழகி, அவர்களின் வழக்கங்களை அறிந்து அதனை எழுதினார். களத்திற்கே சென்று, மக்களோடு இருந்து செய்தி திரட்டி எழுதுவது அவர்தம் தனித்தன்மை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் 'கரிப்பு மணிகள்', கடலோர மக்களைப் பற்றிய 'அலைவாய்க் கரையில்', வயலில் உழைப்போரைக் காட்டும் 'சேற்றில் மனிதர்கள்' ஆகியனவும் அவ்வாறு உருவானவையே. 'வேருக்கு நீர்' என்னும் புதினத்திற்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டு ஆண்டுகளைக் காலக் கணக்காகக் கொண்டு நகர்கிறது 'குறிஞ்சித்தேன்'. மண்ணையும் மரபையும் பற்றி நிற்பவன் ஜோகி. பணத்தின் ஈர்ப்பில் நகரை நோக்கிச் செல்பவன் ரங்கன். ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இருவேறு திசையில் வளர்கின்றன. சாமையும் கிழங்கும் விளைந்த நிலத்தில் தேயிலை வருகிறது. எருமைகள் மேய்ந்த புல்வெளி சுருங்குகிறது. மின்னாக்கத் திட்டம் மலைக்குள் நுழைகிறது. பள்ளியும் வருகிறது, வழக்கும் பகையும் வருகின்றன. மாற்றம் முழுவதும் தீது என்றோ, பழமை முழுவதும் நன்று என்றோ ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. எது வந்தது, அதற்கு ஈடாக எது போனது என்பதை ஓர் ஊரின் அடுப்படியிலும் களத்துமேட்டிலும் வைத்துக் காட்டுகிறார்.

பலகையில் அமர்ந்து வாசித்தவருக்கு எதிரே அதே மலை இருந்தது. முதல்நாள் அவர் கண்டது அழகிய பச்சைச் சரிவு. இரண்டாம் நாள் மாலையில் அவர் கண்டது வேறு. அந்தப் பச்சைக்குள் எங்கே புல்வெளி இருந்திருக்கும், எங்கே சாமை அசைந்திருக்கும் என்று கண் தேடியது. பள்ளத்தில் ஒடுங்கிய சோலைக்காடு அழகுக்காக விட்டுவைக்கப்பட்டதன்று, எஞ்சியது என்பது புரிந்தது. நூல் அவருடைய கண்ணை மாற்றியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடி. 2006இலும் 2018இலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பூத்தது. அதன் பூப்பைக் கொண்டு தம் வயதைக் கணக்கிடும் வழக்கம் மலைவாழ் மக்களிடம் இருந்தது. நீலகிரியின் புல்வெளிகளும் சோலைக்காடுகளும் இணைந்து மழைநீரை ஈர்த்துத் தேக்கி, சிறுசிறு ஓடைகளாக ஆண்டு முழுவதும் கசியவிடுகின்றன. அந்நீர் பவானி, மோயாறு வழியாகக் காவிரியைச் சேர்கிறது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி 1986இல் அறிவிக்கப்பட்டது.

தூரத்துப் பச்சை

மூன்றாம் நாள் காலை, கொழுந்து பறிக்கும் பெண்கள் வீட்டின் பின்புறச் சரிவுக்கு வந்தனர். இடுப்பைச் சுற்றித் தார்ப்பாய்த் துணி, தலையில் முக்காடு, முதுகில் கூடை. இரண்டு இலையும் ஒரு குருத்துமாக அவர்கள் விரல்கள் கிள்ளிய விரைவில் கண் தொடர முடியவில்லை. தேநீர் நேரத்தில் அறுபது வயதை நெருங்கிய ஒருவர் பேரிக்காய் மரத்தடிக்கு வந்து அமர்ந்தார்.

"நேத்தும் பார்த்தேன், இன்னிக்கும் பார்க்கிறேன். வெச்ச கண்ணு வாங்காம படிக்கிறியே, என்ன புத்தகம் கண்ணு?"

"கதைப் புத்தகம்மா. இந்த மலையைப் பத்தினது. குறிஞ்சித்தேன்னு பேரு."

"தேனா?" அவர் சிரித்தார். "எங்க பாட்டுல தேன் கம்மி. எங்களைப் பத்தி அதுல இருக்கா?"

செவிலியர் சற்றுத் தயங்கினார். "இது படுகர் கதைம்மா. நீங்க..."

"நாங்க சிலோன்காரங்க. எனக்கு ஏழு வயசு. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினோம். எங்கம்மா கண்டிப் பக்கம் கொழுந்து பறிச்சாங்க. அவங்க அம்மாவும் அதே வேலைதான். இங்க வந்து நான் பறிக்கிறேன். எங்க கதையையும் யாராச்சும் எழுதியிருக்காங்களா, கண்ணு?"

அந்த வினாவுக்கு மரத்தடியில் விடை இல்லை. தேநீர் நேரம் முடிந்தது. அவர் கூடையை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார்.

அவ்வினாவின் பின்னே ஒரு பெரும் வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்திற்குக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏழை உழவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். தலைமுறைகள் கடந்தபின் அவர்களின் குடியுரிமை கேள்விக்குறியானது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென முடிவாயிற்று. வந்தோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலை அளிப்பதற்காக அரசே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. சுற்றுலா வருவோர் பின்னணியாக வைத்துப் படமெடுக்கும் பச்சைச் சரிவுகள் பலவற்றில் அம்மக்களின் உழைப்பு உறைந்திருக்கிறது.

அவர்களின் கதை எழுதப்படாமலும் இல்லை. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' என்னும் புதினமாக எழுதினார். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' அம்மலையகத்தின் உள்ளிருந்து எழுந்த குரல். தமிழ்நாட்டு மலைகளுக்கும் இத்தகைய கதை உண்டு. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட புதினம், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையின் வறட்சியிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகின்றனர். கடன் வளர்கிறது, காய்ச்சல் கொல்கிறது, இறங்கும் வழி அடைபடுகிறது. அட்டையும் குளிரும் நோயும் தின்ற உயிர்களின் மேல் எழுந்தவை அந்தத் தோட்டங்கள் என்பதை அந்நூல் மறக்கவிடாது.

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது பழமொழி. தொலைவில் நின்று பார்ப்பவருக்கு மலை குளிர்ச்சி. அருகே சென்றவருக்கு அது உழைப்பு. புதினம் செய்யும் பணி, தூரத்தைக் குறைப்பதே. விடுப்பு முடிந்து நகரம் திரும்பிய செவிலியர், 'குறிஞ்சித்தே'னை ஒப்படைத்த அன்றே நூலகரிடம் 'தூரத்துப் பச்சை'யைக் கேட்டுப் பதிவு செய்தார். அடுத்த விடுப்பில் அதைக் கோத்தகிரிக்கு எடுத்துச் சென்று, பேரிக்காய் மரத்தடியில் உரக்க வாசிப்பது என்பது அவர் எண்ணம்.

வாசிப்பும் செவிமடுத்தலும்

தனிமையை நாடி இயற்கைக்குச் சென்றோரில் உலகப் புகழ்பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலை 4 அன்று, கான்கார்டு ஊருக்கருகே வால்டன் குளக்கரையில், தாமே எழுப்பிய சிறுகுடிலில் குடியேறினார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழ்ந்து, பெற்ற பட்டறிவை 1854இல் 'வால்டன்' என்னும் நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் இயல் அமைப்பு கருதத்தக்கது. 'வாசிப்பு' என்னும் இயலை அடுத்து 'ஒலிகள்' என்னும் இயல் வருகிறது. சிறந்த நூல்களைக் கருத்தூன்றிப் பயில வேண்டும் என்று முதல் இயலில் வற்புறுத்தும் அவர், நூல்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தால் இயற்கைப் பொருள்கள் பேசும் மொழியை மறந்துவிடுவோம் என்று அடுத்த இயலில் எச்சரிக்கிறார். முதற்கோடையில் ஹோமரின் காப்பியம் அவர் மேசைமேல் இருந்தும், அவரை: அவரைக்கொல்லையைக் கொத்தும் வேலையே மிகுதியாக இருந்ததால் அதனை அவ்வப்போதே புரட்ட முடிந்தது. அதை அவர் இழப்பாகக் கருதவில்லை. கொல்லையும் ஒரு நூலே என்பது அவர் வாழ்ந்து கண்ட உண்மை.

இயற்கையின் மடியில் வாசிப்போர் இதனை நினைவிற் கொள்ளலாம். ஐந்நூறு பக்கங்களை முடித்தே தீர்வது என்று மலைக்குச் செல்வது, அலுவலகத்தின் இலக்கை மலைக்கும் சுமந்து செல்வதாகும். மூடுபனி இறங்கும்போது நூலை மூடிவிட்டுப் பார்க்கலாம். தொலைவில் காட்டெருது ஒன்று தேயிலைக்குள் அசையாமல் நிற்பதைக் காணலாம். மூடிய நூலுக்குள் கதைமாந்தர் காத்திருப்பர், மூடுபனி காத்திராது.

அமைதிக்கும் கடமை உண்டு

அமைதியைத் தேடிச் செல்வோரின் எண்ணிக்கை பெருகும்போது, அமைதியே முதலில் அழிகிறது. கோடைக்காலத்தில் நீலகிரியின் குறுகிய சாலைகளில் வண்டிகள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதுண்டு. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கும் நீலகிரியில் தடை உண்டு. சட்டம் வரையறுப்பது ஓரளவே. ஒலிபெருக்கியை அணைப்பதும், குப்பையைத் தம் பையிலேயே திருப்பி எடுத்துச் செல்வதும், தேயிலைச் சரிவில் உழைப்போரைக் கேளாமல் படமெடுக்காதிருப்பதும் பண்பாட்டின் பாற்பட்டவை.

மலைக்குச் செல்ல வசதியில்லாதோருக்கு இவ்வின்பம் மறுக்கப்பட்டதும் அன்று. ஊர்க் குளக்கரையின் அரசமரமும், வயல்வரப்பின் புளியமரமும், மாலையில் காற்று வாங்கும் மொட்டைமாடியும் போதும். நூலுக்கும் பொருட்செலவு தேவையில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டத்தை 1948இல் இயற்றிய மாநிலம் நம்முடையது. அதற்கு உறுதுணையாக நின்றவர் நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன். அச்சட்டத்தின் பயனாய் வளர்ந்த கிளை நூலகம் ஒன்று நடந்து செல்லும் தொலைவில் இருக்கக்கூடும். ஒதுக்க வேண்டியது இரண்டு மணி நேரம். ஒதுக்கி வைக்க வேண்டியது ஒரு கைப்பேசி.

புதினம், நாம் வாழாத வாழ்வுகளை வாழ்ந்து பார்க்க வாய்ப்பளிக்கிறது. இயற்கை, நாம் வாழும் வாழ்வை நிதானமாகத் திரும்பிப் பார்க்க இடமளிக்கிறது. இரண்டும் கூடும் பொழுதில் இளைப்பாறுதல் கிட்டுகிறது. அதற்கும் மேலாக, பிறர் துயரை உணரும் நுண்மை கிட்டுகிறது. பச்சையாய்த் தெரியும் ஒவ்வொரு சரிவிலும் யாரோ ஒருவரின் கதை இருக்கிறது. அக்கதையைக் கேட்கும் பொறுமையை நமக்குக் கற்பிப்பதே நல்ல வாசிப்பின் பயன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தின் நிலத்தையும் மக்களையும் களமாகக் கொண்ட புதினம் ஒன்றை நூலகத்தில் தேடி வாசித்து, அதில் வரும் இடங்களைப் பட்டியலிடுக.

2. உங்கள் ஊரில் உழைக்கும் முதியவர் ஒருவரிடம் உரையாடி, அவர் கண்ட நில மாற்றங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'புதினம் தூரத்தைக் குறைக்கிறது' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.